புதிய சூப்பர் ஹீரோவா? முதலில் குழுவைப் பாருங்கள்

'எதிர்காலக் குழுவுக்கு ஒரு சூப்பர் ஹீரோ வரைக' என்று தலைப்புக் கொடுத்தால் வந்து சேரும் படங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: புடைத்த தோள், பறக்கும் அங்கி, மார்பில் ஓர் எழுத்து. இது கைத்திறமைக் குறை அல்ல. குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களால் முடியாத வேலை எது என்று கேட்காமலே பென்சிலை எடுத்துவிடுகிறார்கள்.

அமெரிக்க காமிக்ஸில் 1958-ல் அறிமுகமான 'லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்' ஆயிரம் ஆண்டுக்குப் பிந்தைய உலகில் இயங்கும் குழு. அதில் சேர ஒரு விதி உண்டு. மற்றவர் எவரிடமும் இல்லாத ஒரு சக்தியாவது புதியவரிடம் இருக்க வேண்டும். கதைக்காக வைத்த விதிதான், ஆனால் வரைபவருக்கும் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

ஓர் உதாரணம். ஆண்டு 2090. கடல் ஏறிவந்த ஒரு துறைமுக நகரம். மீட்புக் குழுவில் பறப்பவர் ஒருவர், பாரம் தூக்குபவர் ஒருவர், கணினிகளோடு பேசுபவர் ஒருவர். இடிபாட்டுக்கு அடியில் யார் எங்கே சிக்கியிருக்கிறார் என்று சொல்லத்தான் ஆளில்லை. ஆகவே நம் நாயகி தரை வழியே அதிர்வை உணர்பவள். சக்தியை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அதன் எல்லையையும் எழுதுங்கள்: வெறுங்காலும் உள்ளங்கையும் தரையில் பட வேண்டும், அசையக் கூடாது, கனமழையில் எதுவும் பிடிபடாது. எல்லையே இல்லையென்றால் மற்ற மூவருக்கும் வேலை இருக்காது. உருவமும் இந்த எல்லையிலிருந்துதான் பிறக்கும். பூட்ஸ் கிடையாது, கையுறை கிடையாது. அகன்ற பாதம், குந்தி உட்காரும் வழக்கம். காதில் பெரிய கருவி மாட்டத் தோன்றும். வேண்டாம், அவள் கேட்பது காதால் அல்ல.

இனி தாளுக்கு வரலாம். ஏ4 தாளைக் குறுக்காகப் போட்டு, 4 செ.மீ. உயரத்தில் எட்டுப் பத்துச் சின்ன உருவங்கள் வரைந்து, கருப்பு மார்க்கரால் முழுக்க நிரப்புங்கள். கண், மூக்கு, பொத்தான் எதுவும் வேண்டாம். பிடித்த ஒன்றை, குழுவின் மற்ற மூவரோடு ஒரே தரைக்கோட்டில், ஒரே அளவுகோலில் நிறுத்துங்கள். சுவரில் ஒட்டி மூன்று மீட்டர் தள்ளிப் பாருங்கள். இரண்டு பேர் ஒன்றுபோலத் தெரிந்தால் உடையை மாற்றிப் பயனில்லை; உடல்வாகோ நிற்கும் விதமோ மாற வேண்டும்.

உயரத்தைத் தலை அளவால் கணக்கிடுவார்கள். சாதாரண ஆள் ஏறக்குறைய ஏழரைத் தலை, காமிக்ஸ் வீரர் எட்டு முதல் எட்டரை. பறப்பவருக்கு எட்டரை கொடுத்தால், இவளுக்கு ஆறரை போதும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: குள்ளமாக்க நினைத்து முழு உருவத்தையும் சிறிதாக்கிவிடுவார்கள். தலையும் சேர்ந்து சுருங்குவதால் தூரத்தில் நிற்கும் ஆள் போல ஆகிவிடும். தலையை அதே அளவில் வைத்துக் காலைக் குறையுங்கள்.

நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம்; தேர்ந்த நிறமும் தாளில் எடுபட வேண்டும். 1962-ல் முதல் இதழில் சாம்பல் நிறமாக வந்த காமிக்ஸ் நாயகன் ஹல்க், அச்சில் அந்தச் சாம்பல் சீராக விழாததால் அடுத்த இதழிலேயே பச்சையானான். நம் கதை சேற்றில் நடக்கிறது. மண் நிற உடை பின்னணியில் கரைந்துபோகும், ஆரஞ்சு நிற்கும். போனில் படமெடுத்துக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு நிறம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை வெளிறச் செய்யுங்கள்.

எதிர்காலம் என்றதும் உடையெல்லாம் விளக்கும் சர்க்யூட் கோடும் ஒட்டுவது சலிப்பூட்டும் பழக்கம். செலவும் அதிகம்: 22 பக்கக் கதை, பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்றால், எல்லாக் கட்டத்திலும் அவள் வரும்பட்சத்தில் ஒவ்வொரு விளக்கையும் 110 முறை வரைய வேண்டியிருக்கும். முழங்கால் பட்டையும் இடுப்பில் ஒரு கயிறும் இந்த வேலைக்குப் போதும்.

கடைசியில் முன், முக்கால் (முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் இடைப்பட்ட திருப்பம்), பக்கவாட்டு, பின் என நாலு தோற்றம். உச்சி, கண், தோள், இடுப்பு, முழங்கால், பாதம் ஆகிய ஆறு இடங்களில் தாள் முழுக்கக் கிடைக்கோடு இழுத்துக்கொண்டால் இடுப்புக் கயிறு ஒரு தோற்றத்தில் ஏறி இன்னொன்றில் இறங்காது. தலை வகிட்டைப் பின்பக்கத் தோற்றத்தில் தவறான பக்கத்தில் போடுவது சாதாரணமாக நடக்கும் பிழை. முதுகை வரையும்போதுதான் இந்த உடையை எப்படிப் போட்டுக் கழற்றுவது என்ற கேள்வியே எழும். ஜிப் வைப்பதா, முடிச்சுப் போடுவதா என்று மையிடும் முன்பே முடிவு செய்து, நாலு தோற்றத்திலும் திருத்திவிடுங்கள்.