கூர்ப்பு: ‘பரிணாம வளர்ச்சி’ என்ற தொடரை ஏன் கைவிட வேண்டும்

தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துச் சிற்றாலயத்தில் சென்ற மாதம் நடந்த இளைஞர் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த போதகர் ஒருவர் ‘பரிணாம வளர்ச்சிக் கொள்கை’ என்ற தொடரை ஒரு மணித்தியாலத்துக்குள் பல தடவை சொன்னார். குரங்கு வளர்ந்து மனிதனானது என்றால் இன்றுள்ள குரங்குகள் ஏன் இன்னும் வளரவில்லை என்று கேட்டார். அது வெறும் கொள்கைதானே, நமக்கோ வேதம் இருக்கிறது என்று சொல்லி முடித்தார். கூட்டம் கலைந்து, மழைக்காக எல்லோரும் வாசலில் ஒதுங்கி நின்றபோது, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, “சேர், இந்தப் பரிணாம வளர்ச்சிங்கிறது நம்ம பாடத்துல வருதா?” என்று கேட்டாள். அவளுடைய கொப்பியை நான் திருத்தியிருக்கிறேன். ‘கூர்ப்பு’ என்று சிவப்புப் பேனையால் தலைப்பிட்டு, டார்வினின் குருவிகளின் அலகுகளை வரைந்து, பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி வைத்திருப்பவள் அவள். பரீட்சைக்காகப் படிக்கும் கூர்ப்பும் ஆலயத்தில் பாவம் என்று கேட்ட பரிணாம வளர்ச்சியும் ஒன்றேதான் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்தக் குறிப்பை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

கூர்ப்பு என்பது, ஓர் உயிரினத்தின் குடித்தொகையில் (ஓரிடத்தில் சேர்ந்து வாழும் கூட்டத்தில்), தலைமுறையுரிமையாக வரும் இயல்புகளின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறிச் செல்வதைக் குறிக்கும். இலங்கையில் அறிவியலைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கியபோது வழக்குக்கு வந்த கலைச்சொற்களில் இதுவும் ஒன்று. இன்றுவரை நம் பாடநூல்கள் இதையே ஆளுகின்றன. ஆங்கிலத்தின் ‘எவொலூஷன்’ இலத்தீனிலிருந்து வந்தது. சுருட்டி வைத்த ஏட்டுச்சுருளை விரிப்பது என்பது அதன் முதற்பொருள். 18ஆம் நூற்றாண்டில் உடலியலாளர் ஹாலர் போன்றோர், கருவுக்குள் முன்னமே முழு உருவமும் மடிந்திருந்து பின்னர் விரிகிறது என்ற கருத்துக்கு அச்சொல்லைப் பயன்படுத்தினர். டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் முதற்பதிப்பில் இந்தப் பெயர்ச்சொல் இல்லை. மாற்றத்தோடு கூடிய வழித்தோன்றல் என்றே அவர் எழுதினார். அச்சொல்லின் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக நிற்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கே பிறவிக் குறை ஒன்று உண்டு என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு தமிழுக்கு வருவோம்.

கூர்ப்பு என்பது நேற்று ஆக்கிய சொல் அன்று. தொல்காப்பியத்தின் உரியியலில் ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்று ஒரு நூற்பா உண்டு. ஏற்கெனவே உள்ள ஒன்று மிகுவதை இவ்விரு சொற்களும் உணர்த்தும் என்பது அதன் கருத்து. (அங்கே ‘கழிவு’ என்பதும் மிகுதியையே குறிக்கிறது, அதை ‘நீக்கம்’ என்று படித்து, இயற்கைத் தேர்வையே தொல்காப்பியர் சொல்லிவிட்டார் என்று மேடையில் முழங்குவோரை நான் ஏற்கமாட்டேன். அப்படிச் செய்வது அந்த நூலுக்கும் மதிப்பன்று, அறிவியலுக்கும் மதிப்பன்று.) ஆனால் சொல்லின் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால், ‘உள்ளது சிறத்தல்’ என்ற இரண்டு சொற்கள் அந்த நிகழ்வுக்கு எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதை நுவரெலியாவில் கோவாத் தோட்டம் செய்யும் எவரும் காட்டித் தருவர். “முந்தி அடிச்ச மருந்துக்கு இப்ப புழு சாக மாட்டேங்குது” என்று அவர்கள் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எந்தப் புழுவும் மருந்தைக் குடித்துப் பழகி வளர்ந்துவிடவில்லை. மருந்தைத் தாங்கும் இயல்பு முன்னரே சில புழுக்களிடம் இருந்தது. மற்றவை மடிய, அவை பிழைத்து முட்டையிட்டன. சில பருவங்களுக்குள் அந்த இயல்பே அந்தக் குடித்தொகையில் மிகுந்துவிட்டது. உள்ளது சிறந்தது, அதாவது, கூர்ந்தது.

கூர்தல் என்றால் மேன்மையடைதல்தானே, வளர்ச்சி என்ற அதே பிழை இதிலும் இல்லையா என்று கேட்கலாம். இல்லை. பழைய இலக்கியத்தில் துனியும் கூரும். துன்பம் மிகுவதையும் அந்தச் சொல்லே குறிக்கிறது. நல்லதை நோக்கித்தான் கூர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. இன்றும் நாம் நினைவுகூர்கிறோம், விண்ணப்பக் கடிதத்தில் ‘தயைகூர்ந்து’ என்று எழுதுகிறோம். கிறிஸ்தவர்களாகிய நமக்கோ இந்த வினை மற்றெவரையும்விட நெருக்கமானது. யோவான் 3:16ஐ மனப்பாடமாகச் சொல்லாத ஞாயிறு பாடசாலைப் பிள்ளை நம் தோட்டங்களில் இல்லை. அந்த வசனம் ‘இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்’ என்றே முடிகிறது. தேவனுடைய அன்பைச் சொல்ல நம் மூத்தோர் தேர்ந்த அதே வேர்ச்சொல் உயிரியல் பாடநூலிலும் இருக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னபோது, அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றாள்.

இனி எதிர்ச்சொல்லுக்கு வருகிறேன். பரிணாமம் வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. விசுவாசம், கிருபை, சுவிசேஷம் என்று நாள்தோறும் சொல்லி ஜெபிக்கும் நமக்கு அந்த வாதம் பொருந்தாது. பாலே தயிராக மாறுவதைப் பரிணாமம் என்று சாங்கியர் விளக்கினர்: ஒரே பொருள் தன் நிலை திரிந்து இன்னொன்றாவது. இது ஒரு தனிப்பொருளின் மாற்றம். கூர்ப்போ பலவற்றைக் கொண்ட ஒரு கூட்டத்தின் மாற்றம். பால் முழுவதும் தயிரானபின் பால் மீதியிருக்காது என்பதால்தான், ‘குரங்கு மனிதனானால் குரங்கு ஏன் மீதியிருக்கிறது’ என்ற கேள்வி தமிழில் இவ்வளவு இயல்பாக எழுகிறது. போதாக்குறைக்கு, நாளிதழ்களிலேயே பரிணாமத்தைப் ‘பரிமாணம்’ என்று அச்சிட்டு விடுகிறார்கள். நீளமும் அகலமும் உயரமும் குறிக்கும் சொல்லுக்கும் உயிர்களின் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அதன் வாலில் ஒட்டிய ‘வளர்ச்சி’. வளர்வது தனி உயிர். குழந்தை வளரும், தேயிலைக் கன்று வளரும். கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்குவது எளிது. இடுப்பளவுக்கு மேல் போகவிடாமல் நூறாண்டு கவ்வாத்து செய்த செடியின் விதையை எடுத்து நட்டாலும், முளைப்பது கொழுந்து பறிக்காமல் விட்டால் மரமாக உயரக்கூடிய கன்றுதான். செடியின் வளர்ச்சியைக் கத்தி மாற்றியது. இனத்தை அது தொடவே இல்லை. வளர்ச்சி வேறு, கூர்ப்பு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வளர்ச்சி என்ற சொல், எல்லாம் கீழிருந்து மேலே போகின்றன என்ற எண்ணத்தையும் உண்டாக்குகிறது. தமிழகத்தில் சிலர் ஆளும் ‘படிவளர்ச்சி’ இன்னும் மோசம். அது ஏணியையே கையில் கொடுக்கிறது. உயிர்களின் வரலாற்றிலோ இழப்பும் நிறைய உண்டு. குடலில் வாழும் நாடாப்புழு தன் உணவுக்கால்வாயையே இழந்துவிட்டது. மழை விட்ட மாலையில் நம் தோட்ட ஓரப் பற்றைகளில் கிட்டிக்கிட்டி என்று ஒலிக்கும் சிறு தவளைகளைப் பாருங்கள். சூடோஃபிலாட்டஸ் என்ற அந்தச் சாதியில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) 70க்கும் மேற்பட்ட இனங்கள் இத்தீவில் அறியப்பட்டுள்ளன. அவற்றில் பல மலைநாட்டுக்கே உரியவை. இவற்றின் முட்டையிலிருந்து வாற்பேய் வருவதில்லை. நேரே சிறு தவளையே வருகிறது. நீருக்குள் நீந்தும் பருவம் ஒன்று முழுதாக இல்லாமற்போனதை ‘வளர்ச்சி’ என்பதா? கூர்ப்பு என்றால் எந்த இடர்ப்பாடும் இல்லை: உள்ள இயல்புகளில் ஒன்று ஈரக்காட்டில் பயன்பட்டது, அது மிகுந்தது.

குரங்குக் கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஹக்கலைப் பூங்காவின் மரங்களில் தாவும் அடர்முடிக் குரங்கு நமக்குப் பாட்டனும் அல்ல, நம் வகுப்பில் பெயிலான மாணவனும் அல்ல, தூரத்துப் பங்காளி. மனிதனும் சிம்பன்சியும் ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது முன்னோரிலிருந்து பிரிந்த கிளைகள். நான் இருக்கிறேன் என்பதற்காக என் சித்தப்பா பிள்ளைகள் இல்லாமற்போக வேண்டியதில்லை.

தொடரின் மூன்றாவது சொல் ‘கொள்கை’. நம் பாடநூல்களில் கலக்கொள்கை, அணுக்கொள்கை என்றெல்லாம் இச்சொல் வழங்குவதால் இதைப் பிழை என்று சொல்லமாட்டேன். ஆயினும் வகுப்பறைக்கு வெளியே கொள்கை என்றால் கட்சியின் கொள்கை, அரசின் கொள்கை, மதக் கொள்கை என்றே மக்கள் கேட்கிறார்கள். ஒருவர் பற்றிக்கொள்வது, வேண்டாவிட்டால் விட்டுவிடுவது என்ற பொருள் அதில் ஏறிவிட்டது. அதனால் ‘உன் கொள்கை, என் விசுவாசம்’ என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது மிக எளிதாகிறது. சான்றுகளைக் கோத்து விளக்கும் அமைப்பைக் ‘கோட்பாடு’ என்பதே ஆலயத்திலும் பத்திரிகையிலும் நல்லது. அதுவும் ‘கொள்’ என்ற அடியிலிருந்துதான் பிறந்தது. ஆனால் தேர்தல் மேடைச் சேறு அதில் ஒட்டவில்லை. உடல்கள் கலங்களால் ஆனவை என்பதை ‘வெறும் கொள்கைதானே’ என்று யாரும் தள்ளுவதில்லை என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

இந்தச் சொற்குழப்பம் திருச்சபையின் சொந்தக் குரலையே நமக்குக் கேட்கவிடாமல் செய்கிறது. 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடலின் தோற்றத்தைக் கூர்ப்பின் வழியில் ஆராய்வதைத் தடுக்கவில்லை. ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் வலியுறுத்தினார். 1996 அக்டோபரில் இரண்டாம் யோவான் பவுல், கூர்ப்புக் கோட்பாடு கருதுகோள் என்ற நிலைக்கு மேற்பட்டது என்று பாப்பிறை அறிவியற் கழகத்துக்கு எழுதினார். கருதுகோளுக்கும் கோட்பாட்டுக்கும் ‘கொள்கை’ என்ற ஒரே சொல்லைப் போடும் மொழிபெயர்ப்பாளர் கையில் அந்த வாக்கியம் என்னவாகும்? ‘கொள்கை என்பது கொள்கையைவிட மேலானது’ என்றாகும். படிப்பவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். டார்வினே 1879இல் எழுதிய ஒரு கடிதத்தில், ஒருவர் உறுதியான இறைநம்பிக்கையாளராகவும் கூர்ப்பை ஏற்பவராகவும் இருக்க முடியும் என்பதை ஐயுறுவது பொருளற்றது என்றார். அவருடைய கருத்தை அமெரிக்காவில் முன்னின்று காத்த தாவரவியலாளர் ஏசா கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர். கூர்ப்புக்கு இன்று அடித்தளமாக உள்ள தலைமுறையுரிமை விதிகளைப் பட்டாணிச்செடியில் கண்ட மெண்டல் ஒரு துறவி.

வேதத்தின் மொழியும் நாம் நினைப்பதைவிட விரிவானது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தேவன் சிருஷ்டித்தார் என்று வருகிறது. அதே அதிகாரத்தில், பூமியானது ஜீவஜந்துக்களைப் ‘பிறப்பிக்கக்கடவது’ என்று அவர் கட்டளையிடுவதும் வருகிறது. படைத்தவர் யார் என்ற கேள்விக்கு முதல் வினை விடை சொல்கிறது. எவ்வழியாக என்ற கேள்விக்கு இரண்டாம் வினை இடம் விடுகிறது. ‘ஜாதிஜாதியாக’ என்ற சொல்லை உயிரியலின் ‘இனம்’ என்று படித்துக்கொண்டு சண்டைக்குப் போவதும் மொழிபெயர்ப்பின் மேல் கட்டிய வாதமே. ஆதாமைப் பற்றி, பாவத்துக்கு முன்னிருந்த மரணத்தைப் பற்றி, மெய்யான கடினமான கேள்விகள் உண்டு. அவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் கேள்விகளை நம் பிள்ளைகள் கேட்க வேண்டுமானால், ‘குரங்கு வளர்ந்தது’ என்ற போலிக் கேள்வி முதலில் வழியை விட்டு நகர வேண்டும். ‘நீ பரிணாமத்தை நம்புகிறாயா’ என்று கேட்பதையும் விட வேண்டும். கர்த்தரை விசுவாசிக்கிறோம், சான்றுள்ளதை ஏற்றுக்கொள்கிறோம். இந்த இரண்டு வினைகளையும் பிரித்துச் சொல்லத் தமிழில் சொற்கள் இருக்கின்றன.

இருந்தும், ஆங்கிலத் துண்டுப்பிரசுரங்களை அவசரமாகத் தமிழாக்குவோரும், காணொளிகளுக்கு எழுத்துப் போடுவோரும், கணினி கொடுத்ததை அப்படியே ஒட்டுவோரும், நம் நாட்டுப் பாடநூலை ஒரு தடவையேனும் திறந்து பார்ப்பதில்லை. நம் பிள்ளைகள் எந்தச் சொல்லால் படிக்கிறார்களோ அந்தச் சொல்லால் அவர்களிடம் பேச வேண்டும் என்ற எளிய கடமை அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இளைஞர் கூட்டத்துக்குப் பின் எங்கள் ஆலயத்துக்காக நான்கு பக்கச் சிறு பிரசுரம் ஒன்று எழுதினேன். ‘கூர்ப்புக் கோட்பாடும் நம் விசுவாசமும்’ என்பது தலைப்பு. அச்சகத்திலிருந்து வந்த முதல் மெய்ப்பில், யாரோ நல்லெண்ணத்தோடு அதைப் ‘பரிணாம வளர்ச்சிக் கொள்கை’ என்று மாற்றியிருந்தார்கள், ஒன்பது இடங்களில். ஒன்பதையும் சிவப்புப் பேனையால் வெட்டித் திருப்பி அனுப்பினேன். இரண்டாம் மெய்ப்பு நேற்று வந்தது. உள்ளே எல்லாம் சரி. அட்டையில் மட்டும் ‘கூர்ப்பு வளர்ச்சி’ என்று இருக்கிறது. அதையும் வெட்டியிருக்கிறேன்.