மிக்-15ஆ, சேபரா? அட்டவணை சொல்லாத விஷயங்கள்

எங்காவது இரண்டு நாட்டுப் போர் விமானங்கள் மோதிக்கொண்டால் போதும், அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஓர் அட்டவணை சுற்ற ஆரம்பித்துவிடும். வேகம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, ஏவுகணை எவ்வளவு தூரம் போகும், கடைசியில் எது பெரியது என்று ஒரு தீர்ப்பு. விமானப்படையில் மிக்-21இன் ஹைட்ராலிக் அமைப்புகளை, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் பாகங்களை அசைக்கும் அமைப்புகளைப் பராமரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தீர்ப்பை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஏன் என்று புரிய கொரியப் போரைப் பார்த்தாலே போதும்.

1950 நவம்பரில் சோவியத்தின் மிக்-15 கொரிய வானில் தோன்றியது. அடுத்த மாதமே அமெரிக்கா எஃப்-86 சேபரை இறக்கியது. அட்டவணை போட்டால் மிக்தான் ஜெயிக்கும். எடை குறைவு, வேகமாக மேலே ஏறும், சேபரை விட உயரத்தில் பறக்கும். அதில் ஒரு 37 மி.மீ. பீரங்கி, இரண்டு 23 மி.மீ. பீரங்கிகள். சேபரில் இருந்தவை 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிகள் 6.

ஆனால் மிக்கின் பீரங்கிகள் பி-29 போன்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தச் செய்தவை. மெதுவாகத்தான் சுடும். வளைந்து வளைந்து ஓடும் சிறிய விமானத்தின் மேல் அந்தக் குண்டு படுவது கஷ்டம். சேபரிலோ குறிபார்க்கும் கருவிக்கு இலக்கின் தூரத்தை ரேடாரே அளந்து கொடுத்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வால். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது கிடைவாலின், அதாவது வாலில் கிடைமட்டமாக இருக்கும் சிறகின் மேல் அதிர்ச்சி அலைகள் உண்டாகும். அதன் பின்விளிம்பில் இருந்து விமானத்தின் மூக்கை மேலும் கீழும் திருப்பும் எலிவேட்டர் என்ற மடல் அப்போது பெரும்பாலும் பலனிழந்துவிடும். மிக்-15இல் அந்த எலிவேட்டரை விமானி தன் கைபலத்தால்தான் அசைக்க வேண்டும், ஹைட்ராலிக் உதவி கிடையாது. 1951இல் வந்த சேபரின் ‘இ’ ரகத்தில் கிடைவால் முழுவதுமே ஹைட்ராலிக் விசையில் திரும்பியது. அதனால் அதிவேகத்தில் கீழே பாய்ந்தாலும் அதன் விமானியால் விமானத்தை மீண்டும் தூக்க முடிந்தது. அந்த ஹைட்ராலிக் எண்ணெய் ஓடும் குழாய்களில் சிறிது காற்று புகுந்தாலே வாலின் அசைவு மந்தமாகிவிடும் என்பது பராமரிப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். எந்த அட்டவணையிலும் இந்த வாலுக்கு ஒரு கட்டம் இருப்பதில்லை. அமெரிக்க விமானிகள் அணிந்த ஜி-சூட்டுக்கும் இல்லை. கடுமையாகத் திரும்பும்போது தலையிலிருந்து ரத்தம் இறங்கிக் கண் இருட்டாமல் காத்தது அந்த உடுப்புதான். மிக் விமானிகளுக்கு அது கிடைக்கவில்லை.

அதற்காகச் சேபரே உயர்ந்தது என்றும் முடிவு கட்ட வேண்டாம். மிக்குகள் யாலு நதிக்கு அக்கரையில், சீன மண்ணில் இருந்த ஆன்டுங் தளத்திலிருந்து கிளம்பின. சேபர்கள் சியோல் பக்கத்துக் கிம்போவிலிருந்து அவ்வளவு தூரம் வந்து, கொஞ்ச நேரம் மட்டும் சண்டை போட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. ஆட்களும் ஒரே தரம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பழுத்த சோவியத் விமானிகள் ரகசியமாக மிக்கில் பறந்தார்கள். அவசரப் பயிற்சியோடு வந்த சீன, வட கொரிய இளைஞர்களும் அதே மிக்கில்தான் பறந்தார்கள்.

அப்புறம் கணக்கு. ஒரு சேபர் விழுந்தால் பத்து மிக் விழுந்தது என்றது அமெரிக்கா. சோவியத் தரப்பும் பெரிய எண்ணிக்கையைச் சொன்னது. பின்னாளில் இரு பக்க ஆவணங்களையும் ஒப்பிட்டவர்கள் அந்தப் பத்துக்கு ஒன்றை வெகுவாகக் குறைத்தார்கள். அடிபட்டுப் புகைவிட்டபடி தளம் திரும்பிய விமானத்தை, விழுந்துவிட்டதாக எதிராளி எழுதிக்கொள்வது எல்லாப் போரிலும் நடப்பது.

எனவே அடுத்த அட்டவணை வரும்போது அனுப்பியவரிடம் கேளுங்கள்: விமானத்தின் எந்த ரகம்? எங்கிருந்து கிளம்பியது? விமானிக்கு எவ்வளவு பறக்கும் அனுபவம்? விழுந்ததை எண்ணியது எந்தப் பக்கம்? பதில் இல்லை என்றால் அதை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.