பெட்டி விலை வேறு, ஆடும் விலை வேறு

2006 நவம்பரில் அமெரிக்கக் கடைகளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கேம் கன்சோல்கள், அதாவது டிவியில் மாட்டி ஆடும் பெட்டிகள், வந்தன. சோனியின் பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3), 60 ஜிபி மாடல் 599 டாலர். நிண்டெண்டோவின் வீ, 250 டாலர். வீயில் ஹெச்டி படம்கூட வராது. ஆனாலும் வீ 10 கோடிக்கு மேல் விற்றது. பிஎஸ்3 சுமார் 8 கோடியே 70 லட்சம்.

மலிவாக இருந்ததால் ஜெயித்தது என்று சொல்லிவிடலாம், ஆனால் அது பாதிக் கணக்குதான். 2012-ல் அதே நிண்டெண்டோ விட்ட வீ யு 299 டாலரில் தொடங்கியது. மறு வருஷம் வந்த பிஎஸ்4-ஐவிட 100 டாலர் குறைவு. மொத்தமே 1 கோடியே 36 லட்சம்தான் போனது. அது புதுக் கன்சோலா, பழைய வீயோடு மாட்டும் துணைக்கருவியா என்பதே பலருக்குப் புரியவில்லை. வீயில் அந்தக் குழப்பம் இல்லை. ரிமோட்டைக் கையில் பிடித்தபடி கையை வீசினால் டிவியில் பந்து உருளும். அமெரிக்காவில் அந்தப் பந்து உருட்டும் கேம் பெட்டியோடேயே வந்ததால், பட்டனே தொட்டிராத பாட்டியும் முதல் நாளே ஆடினார்.

விலைக் குறைப்பு, ஆசை இருந்து காசு இல்லாதவரை உள்ளே இழுக்கும். ஆசையே இல்லாதவரிடம் அதன் பாச்சா பலிக்காது. 2011 மார்ச்சில் 250 டாலருக்கு வந்த நிண்டெண்டோவின் கையடக்க கன்சோலான 3டிஎஸ்ஸை ஆகஸ்டிலேயே 170-க்கு இறக்கினார்கள்; அந்த வருஷக் கடைசியில் மரியோ கேம்களும் சேர்ந்தபோதுதான் வண்டி நன்றாக ஓடியது.

நிறுவனங்கள் நஷ்டத்துக்கு விற்பது ஏன்? ஐசப்ளை நிறுவனம் பிஎஸ்3-ஐப் பிரித்துப் போட்ட கணக்கில், 599 டாலர் மாடலைச் செய்யவே சுமார் 840 டாலர். டிஸ்க்கைப் படிக்கும் ப்ளூரே டிரைவும், மூளையான செல் சிப்பும் அப்போது அவ்வளவு விலை. பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் காசு பார்க்கிற அதே வித்தைதான்: விற்கும் ஒவ்வொரு கேமிலும் கன்சோல்காரருக்குப் பங்கு உண்டு. ஆனால் கூட்டம் சேராவிட்டால் கேம் செய்பவர்கள் வர மாட்டார்கள். கேம் வராவிட்டால் கூட்டமும் சேராது.

இனி நம் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் கணக்கு. வீடியோ கேம் கன்சோலுக்கான இறக்குமதி வரியை 2018 பட்ஜெட் 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியது. 2021 பிப்ரவரியில் பிஎஸ்5 இங்கே 49,990 ரூபாய்க்கு வந்தது. டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் மாடல் 39,990. பத்தாயிரம் மிச்சம் என்று தோன்றும். 4,999 ரூபாய் டிஸ்க்கை ஆடி முடித்துப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டால், நாலே டிஸ்க்கில் அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடும். டிஜிட்டலில் வாங்கியதை விற்க வழியே இல்லை. அதோடு, 90 ஜிபி கேமைத் தினம் 1.5 ஜிபி டேட்டாவில் இறக்கினால் 60 நாள் ஆகும். வீட்டுக்கு பைபர் இணைப்பு வராத ஊரில் டிஜிட்டல் மாடல் வாங்குவது வீண்.

கரண்டு பில்லுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 200 வாட் என்று வைத்தால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தினம் இரண்டு மணி நேரம் ஆடினாலும் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட்தான். இலவச 100 யூனிட்டில் கால்வாசி. ஆனால் ஆடும்போது கரண்டு போனால் சேமிப்புக் கோப்பு கெடலாம்; இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டுவது நல்லது.

அறுவடை முடிந்து நெல் காசு கைக்கு வந்தாலும் ஐம்பதாயிரத்தை விளையாட்டில் போட எந்த வீட்டிலும் யோசிப்பார்கள். அதைத் துண்டு போட்டு விற்கிற இடம்தான் கேம் சென்டர். மணிக்கு 50 ரூபாய், தினம் நாலு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால், 49,990 திரும்ப 250 நாள். வாடகை, கரண்டு தனி.

அங்கே எது ஓடுகிறது என்று பார்த்தால் மக்கள் ரசனை புரியும். நாற்பது மணி நேரக் கதை கேம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அலமாரியில்தான் கிடக்கும். பத்து நிமிஷத்தில் முடிகிற கால்பந்து, மல்யுத்தம் ஓடும்: ஒருவர் ஆட நாலு பேர் நின்று பார்ப்பார்கள், தோற்றவர் எழுந்தால் அடுத்தவர் உட்கார்வார். அதனால் கடை வைப்பவர் மூன்றாவது டிஸ்க்குக்கு முன் மூன்றாவது கண்ட்ரோலரை வாங்கி வைக்க வேண்டும். ஸ்டிக்குக்கு அடியிலுள்ள சென்சார் தேய்ந்து, கை வைக்காமலே திரையில் ஆட்டக்காரர் ஓரமாக நடக்க ஆரம்பித்தால், அந்த மணிக்கான காசை யாரும் தர மாட்டார்கள்.