லைட் பூட்டினால் எண்டியூரோ ஆகிவிடாது

போன மாதம் ஒரு தம்பி தன் மோட்டார் சைக்கிளை லோரியில் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். கிக்கரை மிதித்தால் அசையவே இல்லை, என்ஜின் இறுகிப்போயிருந்தது. “நல்ல எண்டியூரோ அண்ணே, லைட்டெல்லாம் இருக்கு. மூணு மாசமா வேலைக்கு இதுலதான் போறேன்” என்றார்.

இறக்கி நிறுத்தலாம் என்று பார்த்தால் ஸ்டாண்டே இல்லை. பின்சக்கரம் 19 அங்குலம். ரேடியேட்டருக்கு விசிறி கிடையாது. முன்லைட் மட்டும் யாரோ ஒரு சின்ன பேட்டரியோடு சேர்த்துக் கட்டிவிட்டது. எண்ணெயை வடித்தேன், அரை லிட்டர்கூடத் தேறவில்லை. தட்டில் விழுந்ததும் வெள்ளிப் பொடி தூவியது போல மினுங்கியது. அத்தனையும் உள்ளேயிருந்து தேய்ந்து வந்த அலுமினியம். அவர் வாங்கியது காட்டுக்கும் சாலைக்கும் போகும் எண்டியூரோ இல்லை, மூடிய களத்துப் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ்.

மண்ணில் ஓடும் எல்லாவற்றையும் நாம் ‘ஸ்க்ரேம்ளர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஒரு பெயருக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலைந்து வகை மோட்டார்கள் இருக்கின்றன. விற்கிறவருக்கு அது வசதி, வாங்குகிறவருக்குத்தான் நட்டம்.

மோட்டோகிராஸ் மூடிய களத்தில் ஓடுவதற்கென்று செய்தது. உலகப் போட்டியிலேயே ஓர் ஓட்டம் 30 நிமிடமும் 2 சுற்றும்தான். அதனால் லைட், ஹாரன், ஸ்டாண்ட் எதுவும் அதற்குத் தேவையில்லை. உயரத்திலிருந்து குதித்து இறங்க வேண்டும் என்பதால் சஸ்பென்ஷன் விறைப்பாக இருக்கும். கியர்கள் நெருக்கமானவை. காற்று அடித்துக்கொண்டே இருக்கும் களத்தில் விசிறி எதற்கு? ஆனால் மாலை ஆறு மணிக்கு ஜாலான் ஈப்போ நெரிசலில் நின்றால் அதே ரேடியேட்டர் கொதித்து வழியும்.

எண்டியூரோவின் கதை வேறு. 1913-இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் ஆறு நாள் தாக்குப்பிடிக்கும் பந்தயம் ஒன்று தொடங்கியது. 1981 முதல் அதற்கு ‘இன்டர்நேஷனல் சிக்ஸ் டேஸ் எண்டியூரோ’ என்று பெயர். நாள் முழுக்க ஓட்ட வேண்டும், பழுதையும் பெரும்பாலும் ஓட்டுபவரே பார்க்க வேண்டும். ஒரு காட்டுப் பகுதியிலிருந்து அடுத்ததற்குப் பொதுச் சாலை வழியாகப் போக வேண்டியிருக்கும். லைட்டும் நம்பர் பிளேட்டும் வந்தது அதனால்தான்.

மற்ற வித்தியாசங்களும் இங்கிருந்தே வருகின்றன. முதல் கியர் நடை வேகத்துக்கு இறங்கும், கடைசி கியர் சாலைக்கு ஈடுகொடுக்கும். என்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் என்ற சக்கரம் கனமானது என்பதால் வேர்களுக்கு நடுவே மெதுவாக ஏறும்போது என்ஜின் சட்டென்று அணையாது. பின்சக்கரம் 18 அங்குலம். அதே வெளி உயரத்துக்கு ரிம் சின்னதாக இருப்பதால் டயரின் பக்கச் சுவர் உயரமாக அமைகிறது. கல்லில் மோதினால் அடியை அது வாங்கிக்கொள்ளும், ரிம் பிழைக்கும். உலு லங்காட் பக்கம் மழை பெய்த மறுநாள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண்ணில் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பாறைகளிலும் தடைகளிலும் சமநிலை தவறாமல் மெதுவாக ஏறுவதற்கான டிரையல்ஸ் மோட்டாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சுமார் 70 கிலோதான், உட்கார இருக்கை என்றே ஒன்று கிடையாது, பார்த்ததும் தெரிந்துவிடும். நெடுந்தூரப் பயணத்துக்கான அட்வென்சர் மோட்டார்களில் பெரியவை 200 கிலோவைத் தாண்டும். சேற்றில் சாய்ந்தால் தனியாளாகத் தூக்க முடியாது.

சரி, அந்தத் தம்பி உண்மையான எண்டியூரோவையே வாங்கியிருந்தால் தப்பித்திருப்பாரா? இதைத்தான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். பந்தய எண்டியூரோவும் பந்தய மோட்டார்தான். அதன் பராமரிப்புக் கணக்கு கிலோமீட்டரில் இல்லை, மணியில். பத்துப் பதினைந்து மணி நேரம் ஓடினாலே எண்ணெய் மாற்ற வேண்டும். பிஸ்டன்கூடக் குறித்த மணிக்கு மாற்றுகிற பொருள்தான். தம்பி தன் பழைய கப்சாயை, அதாவது அன்றாடம் ஓட்டும் சின்ன மோட்டாரைப் போல 3,000 கிலோமீட்டருக்குக் காத்திருந்தார். தினமும் ஒரு மணி நேரம் ஓட்டினால் மூன்று மாதத்தில் எத்தனை மணி என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

வேலைக்கும் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண் சாலையிலும் ஓட்ட வேண்டும் என்றால் உங்களுக்கு ஏற்றது டூயல் ஸ்போர்ட். கவாசாகி கேஎல்எக்ஸ்150, ஹோண்டா சிஆர்எஃப்250எல் இந்த வகை. 250எல் பந்தய எண்டியூரோவைவிட நாற்பது கிலோ போலக் கனம், வேகமும் குறைவு. ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். லைசென்ஸையும் பாருங்கள்: பி2 உரிமம் 250 சிசி வரைதான். 250எல்-க்குப் பின் வந்த 300எல் 286 சிசி, பி2-வில் ஓட்டக் கூடாது.

அப்புறம் கெரான், அதாவது மோட்டாரின் பதிவுப் பத்திரம். மோட்டோகிராஸில் லைட்டைக் கட்டிவிட்டால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு வந்துவிடாது. பதிவு இல்லையென்றால் ரோட்டேக்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. சாலையில் ஒருவரை இடித்துவிட்டால் அந்த மனிதருடைய மருத்துவச் செலவு உங்கள் வீட்டுத் தலையில் விழும். இதை அந்தத் தம்பியின் அம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. காட்டுக்குள் போவதானாலும் வனக் காப்பகங்களுக்கு வன இலாகாவின் அனுமதி முதலில் வேண்டும்.

பழைய மோட்டார் வாங்கப் போகிறவர்கள் டார்ச் லைட் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஹேண்டில் கழுத்தில் வெட்டியிருக்கும் சேசிஸ் எண்ணைக் கெரானோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எத்தனை மணி ஓடியது, கடைசியாகப் பிஸ்டன் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தேய்ந்த என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் முரண்டு பிடிக்கும், சத்தமும் போடும். சூடேறிவிட்டால் அதெல்லாம் மறைந்துவிடும். போனதும் என்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.