'தொடர் பந்தயம்' அல்ல, 'தொடர்ச்சிப் பந்தயம்'

'கையில் நடுத்தர ஜோடி இருந்தால் தொடர் பந்தயம் கட்டுங்கள்.' ஆன்லைன் போக்கர் என்ற சீட்டாட்டம் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் இந்த மாதிரி வரிகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. கண்டினியுவேஷன் பெட் என்பதைத்தான் இப்படிப் பெயர்க்கிறார்கள். இதை நம்பி ஆடுகிறவர் காசை இழப்பார். அதற்குப் பாதிக் காரணம் அந்தப் பெயர்தான் என்பேன்.

முதலில் பொருள். டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் கைக்கு இரண்டு சீட்டு வந்ததும் ஒருவர் பந்தயத்தை ஏற்றுகிறார், இன்னொருவர் அதே தொகையைப் போட்டு உள்ளே வருகிறார். பிறகு மேசையில் மூன்று சீட்டுகள் விரிகின்றன. அது ஃபிளாப். முன்பு ஏற்றிய அதே ஆள் இப்போதும் கட்டினால் அது கண்டினியுவேஷன் பெட், ஆடுகிறவர்கள் வாயில் சி-பெட். ஜோடியில்லாத இரண்டு சீட்டுக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறை ஃபிளாப்பில் ஒரு ஜோடிகூட அமையாது. அதனால் முன்பே பலம் காட்டியவர் மறுபடி கட்டும்போது எதிராளி பல நேரம் சீட்டைக் கீழே போட்டு விலகிவிடுகிறார். இந்தப் பெயர் பரவியதில் டான் ஹாரிங்டன் 2004-இல் வெளியிட்ட நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1995-இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர் அவர்.

ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது, அறுபடாமல் சேர்த்துப் பிடித்தல் என்பது அடிப்பொருள். தமிழில் 'தொடு' என்ற வேரிலிருந்து 'தொடர்'. சங்க இலக்கியத்தில் தொடர் என்றால் சங்கிலி. சரி, வேர் வரை பொருத்தம்தான். சிக்கல் வேரில் இல்லை, இன்றைய வழக்கில் இருக்கிறது.

தொடர் மழை, தொடர் திருட்டு, தொடர் விடுமுறை, தொடர் ஓட்டம். இன்று 'தொடர்' என்பதை இன்னொரு சொல்லின் முன்னால் வைத்தாலே 'ஒன்றன்பின் ஒன்றாக, விடாமல்' என்ற பொருள்தான் முதலில் வருகிறது. அப்படியானால் 'தொடர் பந்தயம்' என்பதை ஒரு தமிழர் எப்படி வாசிப்பார்? வரிசையாகப் பல பந்தயங்கள், அல்லது எந்தச் சுற்றிலும் விடாமல் கட்டிக்கொண்டே இருப்பது. சி-பெட் இரண்டுமே அல்ல. அது ஒரே ஒரு பந்தயம், முன்னால் நடந்த ஒன்றின் நீட்சி. உலகப் போக்கர் தொடர் என்று சொல்கிறோமே, 'தொடர்' அங்கே சரியாக உட்கார்ந்திருக்கிறது, ஏனென்றால் அது பல போட்டிகளின் வரிசை. ஒரே ஆட்டத்தைப் பற்றிய எழுத்தில் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்தால் குழப்பம் தவிர வேறென்ன வரும்?

'தொடர்ச்சி' வேறு. 'ஐந்தாம் பக்கத் தொடர்ச்சி' என்று பத்திரிகையில் போட்டிருந்தால் ஐந்தாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று தேடுகிறோம். 'தொடர்ச்சி' என்றதும் 'எதன் தொடர்ச்சி?' என்ற கேள்வி தானாக எழுகிறது. இங்கே பதில்: ஃபிளாப்புக்கு முன் ஏற்றியதன் தொடர்ச்சி. ஆகவே தொடர்ச்சிப் பந்தயம். நடுவில் 'ப்' கட்டாயம் வேண்டும். அதை விட்டால் இரண்டு சொற்களும் ஒட்டாமல் நிற்கும்.

'முன்னெடுப்புப் பந்தயம்' என்றும் ஒரு யோசனை உண்டு. முன்னெடுப்பு என்றால் புதிதாகத் தொடங்குவது என்றே இன்று பொருள்படுகிறது. இந்தப் பந்தயமோ ஏற்கெனவே தொடங்கியதை விடாமல் பிடிப்பது. தூய தமிழாக இருந்தால் மட்டும் போதுமா? பொருள் தலைகீழாகிவிடுகிறதே.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பது நடுத்தர ஜோடியில் தெரியும். கையில் 8-8, அதாவது இரண்டு எட்டுகள். ஃபிளாப்பில் 8-ஐவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழும் வாய்ப்பு சுமார் 87 சதவீதம், மூன்றாவது 8 விழும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம். ஃபிளாப்பில் ராஜா, 7, 2, மூன்றும் வெவ்வேறு இனம் (ஸ்பேட், ஹார்ட் போல), எதிரே ஒரே ஆள் என்றால் நடுவில் குவிந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டலாம். வெறும் மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும், எதிராளி நான்கில் ஒரு முறை விலகினாலே நட்டமில்லை. அவரிடம் ராணியும் ஜாக்கியும் இருந்தால் மிச்சமுள்ள 45 சீட்டுகளில் 6 அவருக்கு உதவும். அந்த ஆறைச் சும்மா பார்க்க ஏன் விட வேண்டும்?

அதே 8-8, ஃபிளாப் ராஜா, ராணி, 10, அதில் இரண்டு ஒரே இனம், எதிரே இரண்டு பேர். இங்கே கட்டக் கூடாது, செக் (கட்டாமல் கடப்பது) சொல்லிவிட வேண்டும். உள்ளே வந்தவர்களுக்கு ஒத்துப்போகும் சீட்டுகள் இவை. நம் கை முன்னேற இரண்டே இரண்டு 8-கள்தான் பாக்கி. தொடர்ச்சி என்று படித்தவர், நீட்டலாமா நிறுத்தலாமா என்று யோசிப்பார். தொடர் என்று படித்தவர் கை அடுத்த பந்தயத்துக்குப் போய்விடும். ஆன்லைனில் இது இன்னும் ஆபத்து. ஒருவர் எத்தனை சதவீதம் சி-பெட் கட்டுகிறார் என்று கணக்கு வைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. எப்போதும் கட்டுகிறவர் என்று தெரிந்துவிட்டால் செக் சொல்லிக் காத்திருந்து, அவர் கட்டியதும் மேலே ஏற்றுவார்கள்.

ஆட்டம் ஆடாமல் அகராதியை மட்டும் திறந்து பெயர்ப்பதால் வரும் வினை இது. ஃபிளாப்பைத் 'தோல்வி' என்று எழுதுவதும் அதே வகை. 'நடுத்தர ஜோடி'யிலும் அதே கோளாறு. ராஜா, 9, 4 விழுந்திருக்க, கையில் ஏஸும் 9-உம் வைத்திருப்பவருக்கு அமைவது மேசையின் நடுச்சீட்டோடு சேர்ந்த ஜோடி. கையிலேயே 8-8 வைத்திருப்பவரது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கிறார்கள். முன்னதை நடுச்சீட்டு ஜோடி என்றும் பின்னதை நடுத்தரக் கைஜோடி என்றும் எழுதலாம். 7-7 முதல் 10-10 வரை பின்னதில் அடங்கும்.