தோள்பட்டை ஜவ்வுக் கிழிசல்: நுண்துளை அறுவையில் என்ன நடக்கிறது

"கையத் தூக்கவே முடியலைங்க, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா உயிரே போவுதுங்க." பொள்ளாச்சியில் தென்னை ஏறுபவரும் திருப்பூரில் பனியன் பேல் சுமப்பவரும் மருத்துவரிடம் சொல்வது பெரும்பாலும் இதுதான். ஸ்கேன் எடுத்ததும் "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று பதில் வரும்.

இங்கே ஜவ்வு என்பது நான்கு தசைகளின் நாண்கள், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதிகள். தோளின் கிண்ணம் ஆழமில்லாதது. கை எலும்பின் உருண்டைத் தலையை அதில் அழுத்திப் பிடித்து வைப்பவை இந்த நாண்கள்தான். மேற்புறம் இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ்தான் அதிகம் கிழிகிறது.

கிழிசல் தெரிந்தாலே கத்தி எடுக்க வேண்டியதில்லை. அறுபது தாண்டிய பலருக்கு வலியே இல்லாமல் கிழிசல் இருக்கும். மெல்லத் தேய்ந்து கிழிந்ததற்கு மூன்று மாதம் ஒழுங்காகப் பிசியோதெரபி செய்து பார்ப்பதே முதல் வழி. ஆனால் நேற்றுவரை நன்றாக இருந்தவர் வண்டியிலிருந்து விழுந்து, அன்றிலிருந்து கை தூக்க முடியாமல் போனால் கதை வேறு. அறுந்த நாண் உள்ளே சுருங்கிப் போகும், தசை கொழுப்பாக மாறத் தொடங்கும். பிறகு தைத்தாலும் அந்தக் கொழுப்பு திரும்பத் தசையாவதில்லை. எண்ணெய்க் கட்டிலும் உருவிவிடுவதிலும் ஆறு மாதம் போய்விட்டால், தைக்கக்கூடிய கிழிசலே தைக்க முடியாததாகிவிடும். எம்.ஆர்.ஐ. படத்தில் கிழிசலின் அளவோடு தசையின் கொழுப்பையும் மருத்துவர் பார்ப்பது இதற்காகத்தான்.

கிழிந்த நாணைத் தைக்கும் நுண்துளை அறுவையைப் பலர் "லேசர் ஆபரேஷன்" என்கிறார்கள். பொதுவாக இதில் லேசர் கிடையாது. 4 மி.மீ. தடிமனுள்ள கேமராக் குழாய், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளைகள் மூன்று நான்கு, சுழலும் சிறு வெட்டுக்கருவி, ரேடியோ அலையால் திசுவைச் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் முனை ஆகியவைதான் கருவிகள். 1931-இல் நியூயார்க்கில் மைக்கேல் பர்மன் என்ற மருத்துவர், இறந்தவர்களின் தோள் மூட்டுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததை எழுதி வைத்தார். அதைச் சிகிச்சையாக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

முழு மயக்கத்தோடு, கழுத்தோர நரம்புகளையும் அல்ட்ராசவுண்டில் பார்த்து ஊசி போட்டு மரக்கச் செய்வார்கள். அந்த மருந்து, மூச்சு இழுக்க உதவும் தசையான உதரவிதானத்தின் அதே பக்கத்தையும் சில மணி நேரம் செயலிழக்கச் செய்யும். நல்ல நுரையீரலுக்கு இது பொருட்டல்ல. பஞ்சாலையில் பல வருடம் வேலை பார்த்து இளைப்பு உள்ளவர்கள் இதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முதல் துளை முதுகுப்புறம், தோள்முனை எலும்பின் மூலையிலிருந்து சுமார் 2 செ.மீ. கீழே, சற்று உள்ளே தள்ளி. கேமராவின் கண் 30 டிகிரி சாய்ந்திருப்பதால், குழாயைத் திருப்பினாலே மூலைமுடுக்கெல்லாம் தெரியும். உப்புநீரை 3 லிட்டர் பைகளிலிருந்து பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும், அழுத்தம் பெரும்பாலும் 30 முதல் 60 மி.மீ. பாதரசம். இதில்தான் பெரிய இழுபறி. நீரின் அழுத்தம் குறைந்தால் சின்ன ரத்தக் குழாய்கள் கசிந்து திரையெல்லாம் சிவந்துவிடும். கூட்டினால் நீர் தசைக்குள் ஏறித் தோளும் கழுத்தும் வீங்கும். ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தினால் கசிவு அடங்கும், ஆனால் நோயாளி பெரும்பாலும் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருப்பதால், அதிகம் தாழ்த்தினால் மூளைக்கு ரத்தம் குறையும். கைதேர்ந்தவர் வேகமாக முடிக்கப் பார்ப்பது இந்த வீக்கத்தை எண்ணித்தான்.

அடுத்து, நாண் ஒட்டியிருந்த எலும்புப் பரப்பை லேசாகச் சுரண்டி ரத்தம் கசியவிடுவார்கள். அந்த ரத்தம்தான் ஆறவைக்கும். அளவுக்கு மீறிச் சுரண்டினால் ஆங்கர் பிடிக்காது. ஆங்கர் என்பது நூல் கோத்த சிறு திருகு. 4.5 முதல் 5.5 மி.மீ. பருமனில் டைட்டானியத்திலும், எலும்பில் கரைந்துபோகும் பொருளிலும் கிடைக்கிறது. அதை எலும்பில் இறக்கி, நூலை நாணுக்குள் கோத்து, இழுத்து முடிச்சிடுவார்கள். தையல் தோற்பது பெரும்பாலும் நூல் அறுவதாலோ ஆங்கர் பிடுங்கிக்கொள்வதாலோ அல்ல. நைந்த பனியன் துணியில் தையல் போட்டால் துணி கிழிவதுபோல, நூல் நாணை அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் வயதானவர், புகைபிடிப்பவர், சர்க்கரை கட்டுப்படாதவர், பெரிய கிழிசல் உள்ளவர் ஆகியோருக்கு மறுகிழிசல் அதிகம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பலரும் அறுவையைத் தள்ளிவைப்பார்கள்.

கபடி வீரர்களுக்கு அடிக்கடி தோள் நழுவுவது வேறு பிரச்சினை. கிண்ணத்தின் விளிம்பு பெயர்ந்திருக்கும். 1923-இல் பாங்கார்ட் என்ற இங்கிலாந்து அறுவை மருத்துவர் விவரித்த அந்தச் சேதத்தை இதே முறையில் சிறிய ஆங்கர்களால் தைக்கலாம். கிண்ண எலும்பு இருபது சதவீதத்துக்கு மேல் தேய்ந்திருந்தால் தையல் மட்டும் நிற்காது, பக்கத்து எலும்புத் துண்டை மாற்றிப் பொருத்த வேண்டும்.

துளை பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறிவிடும். ஆறாவது வாரம் வலியும் குறைந்திருக்கும். ஆபத்து அங்கேதான். நாண் எலும்போடு ஓரளவு உறுதியாகப் பிடிக்கச் சுமார் 12 வாரம் ஆகும். 4 முதல் 6 வாரம் கைத்தொட்டில். விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவு மறுநாளே தொடங்கலாம், தோளைப் பிசியோதெரபிஸ்ட்தான் அசைக்க வேண்டும். பிறகு தானே தூக்கப் பழகுவது, 12 வாரத்துக்குப் பின் எடைப் பயிற்சி. மரம் ஏறவும் மூட்டை தூக்கவும் குறைந்தது ஆறு மாதம். இடையில் தையலைப் பிரிப்பவை சின்ன வேலைகள்தான்: பைக்கைச் சென்டர் ஸ்டாண்ட் போடுவது, தண்ணீர்க் குடத்தை இடுப்புக்கு ஏற்றுவது, டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போது டிரைவர் பிரேக் அடிப்பது.

காய்ச்சலில்லாமல் வாரக்கணக்கில் மந்தமான வலி நீடித்தால், தோலின் மயிர்க்கால்களில் வாழும் கூட்டிபாக்டீரியம் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். அது மெதுவாக வளரும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண மூன்று நாள் கல்ச்சர் சோதனையில் தப்பிவிடும். இரண்டு வாரம்வரை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கோவையில் அறுவை செய்துகொண்டு தாராபுரத்திலோ கோபியிலோ பிசியோதெரபி தொடர்பவர்கள், அறுவைக் குறிப்பின் நகலைக் கட்டாயம் வாங்கி வர வேண்டும். எந்த நாண், எவ்வளவு பெரிய கிழிசல், எத்தனை ஆங்கர், நாணின் தரம் எப்படி என்பதைப் பார்த்துத்தான் ஊர் பிசியோதெரபிஸ்ட் எந்த வாரம் எவ்வளவு தூக்கலாம் என்று முடிவு செய்ய முடியும்.