காட்டுப்பன்றியைச் சுடலாமா? ஆர்டர் வந்தது, உங்களுக்கு இல்லை

"பன்னியைச் சுட ஆர்டர் வந்துடுச்சாமே?" வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு விவசாயிகள் கேட்கிறார்கள். வந்தது உண்மைதான். 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்டது. ஆனால் சுடும் அனுமதி வனத்துறைக்கு. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தாலும் நீங்கள் சுட்டால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கேஸ். 3 வருடம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம். கறியில் பங்கு வாங்கியவரும் மாட்டுவார்.

இந்த உத்தரவில் தூரம்தான் எல்லாம். காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை வனத்துறை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். அதற்கு அப்பால்தான் சுடலாம். தினமும் பன்றி இறங்கும் மலையடிவாரத் தோட்டக்காரருக்கு இதனால் என்ன பலன் என்று என்னைக் கேட்காதீர்கள். ரேஞ்ச் ஆபீசில் (வனச்சரக அலுவலகம்) "உங்க தோட்டம் ரெண்டே முக்கால் கி.மீ.தான் வரும்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் கிளம்பி வந்துவிடாதீர்கள். சர்வே எண்ணைப் போட்டு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுத்தில் கேளுங்கள். தரவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள்.

சுடுவது பற்றி முடிவெடுக்க ஊர் அளவில் ஒரு குழு: விஏஓ, ஊராட்சித் தலைவர், வனத்துறை ஆள். வேடிக்கை என்னவென்றால், உத்தரவு வந்த அதே மாதம் 5-ஆம் தேதியே 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போய்விட்டது. விஏஓவைக் கேட்டால் ஃபாரஸ்ட்டைப் பாருங்கள் என்பார், ஃபாரஸ்ட்டில் குழு கூடவில்லை என்பார்கள். ஒரே மனுவை விஏஓ, ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர், வனத்துறை என மூன்று பேருக்கும் கொடுத்து, மூன்றுக்கும் தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள்.

சரி, கைக்கு ஏதாவது கிடைக்கும் என்றால் அது பயிர்ச் சேத இழப்பீடுதான். அதிலும் பாதிப் பேர் முதல் நாளே கோட்டை விடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் மக்காச்சோளம் போனது. சாய்ந்த தட்டையை மாட்டுக்காவது ஆகட்டும் என்று மறுநாளே அறுத்துப் போட்டுவிட்டார். ஆபீசர் வந்தது ஐந்தாம் நாள். "சேதம் எங்கேய்யா?" என்றார். வெறும் கட்டையைக் காட்டி என்ன பேசுவது? மனு அப்படியே நின்றுபோனது.

அதனால் விடிந்ததும் முதல் வேலை போட்டோ. குளம்புத் தடம், மூக்கால் கிளறிய மண், சாய்ந்த பயிர் மூன்றும் தெரிய, போனில் லொக்கேஷனை ஆன் செய்து எடுங்கள். அன்றே மனு கொடுங்கள். ஆபீசர் பார்வைக்கு வரும்வரை பயிரில் கை வைக்காதீர்கள். மாடு ரெண்டு நாள் கடைத் தீவனம் தின்னட்டும்.

அடுத்த சிக்கல் பட்டா. தாத்தா பெயரிலேயே கிடந்தால் வாரிசுச் சான்று, கூட்டுப் பட்டாவானால் மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதம் என்று இழுப்பார்கள். குத்தகைக்காரர் நிலை இன்னும் மோசம்: உழுதது இவர், விதைத்தது இவர், பணம் வந்தால் பட்டாதாரர் கணக்குக்கு. விதைத்த கையோடு அடங்கலில் (விஏஓ வைத்திருக்கும் பயிர்ப் பதிவேடு) பயிரைப் பதியச் சொல்லுங்கள். குத்தகையை எழுத்தில் வைத்திருங்கள். புறம்போக்கில் பயிர் வைத்திருந்தால் அலைவது வீண்.

அப்புறம் கம்பி. ஈபி லைனிலிருந்து வேலிக்குக் கரண்ட் இழுக்காதீர்கள். இருட்டில் தண்ணீர் கட்டப் போகும் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கம்பி தெரியாது. அவர் போய்விட்டால் பயிரைக் காப்பாற்றத்தான் போட்டேன் என்பது எங்கும் எடுபடாது. காட்டை ஒட்டிய இடமென்றால் சோலார் வேலிக்கும் முன் அனுமதி வேண்டும், 2023-லேயே விதி வந்துவிட்டது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை அவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.